இரண்டு பாதி சிலிக்கோன் அச்சு: பாதிகள் சேரும் கோட்டில், முகத்தின் மேல் படி விழுகிறது, எங்கே தவறினேன்?

பதிவு 1 | புதுக்கை

வணக்கம். சதுரங்கக் குதிரை ஒன்றைப் பாலிமர் களிமண்ணில் செய்து, சுட்டு, அக்ரிலிக் வார்னிஷ் பூசி வைத்திருக்கிறேன். உயரம் 7 செ.மீ., அடிவட்டத்தின் விட்டம் 3 செ.மீ. அதற்கு இரண்டு பாதிகளாகச் சிலிக்கோன் அச்சு எடுத்து, பாலியூரித்தேன் ரெசினில் இதுவரை ஆறு குதிரைகள் வார்த்துவிட்டேன். ஆறும் ஒரே குறைகளோடு பிறந்திருக்கின்றன.

செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். குதிரையை மல்லாக்கப் படுக்க வைத்து, காதும் கன்னமும் இருக்கும் மட்டம் வரை கந்தகம் கலவாத எண்ணெய்க் களிமண்ணில் புதைத்தேன். பென்சிலின் பின்முனையால் நான்கு மூலைகளிலும் பூட்டுக்குழிகள் (இரு பாதிகளும் நகராமல் பொருந்துவதற்கான குழிகள்) அழுத்தினேன். பிளாஸ்டிக் கட்டைகளால் பெட்டி கட்டி, சம அளவில் கலக்கும் பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை (பிளாட்டினம் வினையூக்கியால் கெட்டியாவது; ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 25), முதல் பாதியாக ஊற்றினேன். ஆறு மணி நேரம் கழித்துப் பெட்டியைப் பிரித்து, களிமண்ணை நீக்கி, குதிரையை வெளியே எடுத்துப் பார்த்தேன். பதிவு மிக நன்றாக இருந்தது. மீண்டும் அதைக் குழியில் வைத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, இரண்டாம் பாதியை ஊற்றினேன். குதிரையின் அடிவட்டமே ரெசினை ஊற்றும் வாய். வார்ப்பை மட்டும் நண்பரின் அழுத்தக் கலனில் 3 பார் அழுத்தத்தில் வைக்கிறேன்.

குறைகள்: கன்னங்களின் வழியே ஓடும் சேர்க்கைக் கோட்டில் (இரு பாதிகளும் சேரும் இடம்) ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் படி விழுகிறது, கோடு நெடுகக் காகிதம் போன்ற சவ்வு நீட்டிக்கொண்டிருக்கிறது, மூக்கு நுனியில் குழி, வலக்காதின் நுனி இல்லை, கழுத்தின் கீழே கடுகளவு மணிகள் பத்துப் பன்னிரண்டு. இவற்றில் எதை முதலில் சரிசெய்வது என்று தெரியவில்லை.

பதிவு 2 | மெதுவார்ப்பு

உங்கள் விவரிப்பில் நீங்கள் மகிழ்ச்சியோடு குறிப்பிட்ட இடத்திலேயே பாதிக் குறைகள் பிறந்துவிட்டன. முதல் பாதி கெட்டியானபின் மூல உருவத்தை வெளியே எடுக்கவே கூடாது. எடுத்த உருவம் எவ்வளவு கவனமாகத் திரும்ப வைத்தாலும் பழைய இருக்கையில் அமராது. மயிரிழை அளவாவது தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டாம் பாதிக்கான சிலிக்கோன் நீர்மமாக இருக்கும்போது அந்த மயிரிழைக்குள் நுழைந்து, மூல உருவத்துக்கும் முதல் பாதிக்கும் நடுவே மெல்லிய மடலாகப் படிந்துவிடும். பிறகு அச்சை மூடி ரெசின் ஊற்றும்போது அந்த மடல் ஒவ்வொரு முறையும் முதல் பாதியின் குழிக்குள் புகுந்து உட்காருகிறது. கன்னத்தில் தெரியும் படி பெரும்பாலும் அந்த மடலின் தடிமன்தான். இரண்டாம் பாதியின் குழிவிளிம்பை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். உதடு போல ஒன்று தட்டுப்படும்.

முறை இதுதான்: முதல் பாதி கெட்டியானதும் பெட்டியோடு அப்படியே கவிழ்க்க வேண்டும். அடிப்பலகையை மட்டும் கழற்றி, களிமண்ணை மரக்குச்சியால் உரித்தெடுக்க வேண்டும். உருவம் சிலிக்கோனில் ஒட்டியபடியே இருக்கட்டும். விளிம்பில் ஒட்டியிருக்கும் களிமண் துகள்களைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும். உலோகக் கருவியால் நெம்பினால் சிலிக்கோன் விளிம்பு உருவத்தை விட்டு விலகும். விலகிய இடத்தில் மேலே சொன்ன கதை மீண்டும் நடக்கும்.

அடுத்தது களிமண் படுகை. களிமண் உருவத்தைத் தொடும் இடத்தில் செங்குத்தாக, இடைவெளியின்றி முட்டி நிற்க வேண்டும். விரலால் வழித்துவிட்டால் களிமண் உருவத்தின் மேல் சரிவாக ஏறிக்கொள்ளும். அந்தச் சரிவு முதல் பாதியில் கூரிய மெல்லிய விளிம்பாகப் பதிந்து, இரண்டு மூன்று வார்ப்புகளிலேயே கிழியும். சிறிய இடைவெளி விட்டுவிட்டாலோ சிலிக்கோன் அதற்குள் இறங்கும். ஆகவே தட்டையான மூங்கில் குச்சியின் நுனியால், உருவத்தை ஒட்டியபடியே, களிமண்ணைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும். நான் இரண்டு பாதி அச்சுக்குச் செலவிடும் நேரத்தில் முக்கால் பங்கு இந்தப் படுகைக்கே போகிறது. மற்றவர்களுக்கு அது அலுப்பாகத் தோன்றலாம், எனக்கு அதுதான் அச்சு செய்யும் வேலை, ஊற்றுவது வெறும் ஊற்றுதல்.

பென்சில் முனையால் அழுத்திய குழிகள் உருளையாக, பக்கங்கள் செங்குத்தாக இருக்கும். அவை முழுமையாகப் பொருந்தி உட்காராமல் மேலேயே நின்றுவிடும். கோலிக்குண்டு போன்ற வளைந்த பொருளால், அரைக்கோளத்துக்குக் குறைவான ஆழத்தில் குழி எடுங்கள். ஒரு மூலையில் மட்டும் வேறு அளவில் இருந்தால் அச்சைத் தலைகீழாக மூடும் தவறு நேராது.

பதிவு 3 | துளிக்குமிழி

மணிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது முற்றிலும் வேறு நோய். அவற்றுக்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். சிலிக்கோன் ஊற்றியபோது மூல உருவத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்ட குமிழி, அச்சில் திறந்த குழியாகப் பதிந்திருக்கும். ரெசின் அதை நிரப்பி மணியாக வரும். மற்றொன்று, மேற்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் சிலிக்கோனுக்குள் புதைந்த குமிழி. நீங்கள் சாதாரணக் காற்றில் ஊற்றிய சிலிக்கோனை, வார்க்கும்போது 3 பாரில் வைக்கிறீர்கள். கலனின் அளவி காட்டும் 3 பார், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 4 பார். அந்த அழுத்தத்தில் புதைந்த குமிழியின் காற்று கால் பங்காகச் சுருங்கும், அதன் மேலுள்ள மெல்லிய தோல் உள்வாங்கும், உள்வாங்கிய பள்ளத்தில் ரெசின் இறங்கிக் கெட்டியாகும். அழுத்தத்தை விட்டதும் சிலிக்கோன் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் அச்சைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. இதனால்தான் பலர் ரெசினைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

எது என்று கண்டறிய, அழுத்தம் கொடுக்காமல் ஒரு குதிரை வாருங்கள். அதிலும் அதே இடத்தில் வரும் மணிகள் மேற்பரப்புக் குமிழிகள். மறைந்துபோகும் மணிகள் புதைந்த குமிழிகள்.

பதிவு 4 | புதுக்கை

வார்த்துப் பார்த்தேன். இரண்டு மணிகள் மட்டும் இருக்கின்றன, மற்ற எல்லாம் மறைந்துவிட்டன. இரண்டாம் பாதியில் உதடு இருப்பதையும் விரல் கண்டுகொண்டது. மெதுவார்ப்பு அவர்களுக்கு நன்றி. என்னிடம் வெற்றிடக் கலன் இல்லை. சிலிக்கோனைக் குமிழியின்றி ஊற்ற வேறு வழி உண்டா? மூக்குக் குழியும் காதும் ஏன் அப்படி வருகின்றன?

பதிவு 5 | துளிக்குமிழி

அழுத்தக் கலன் இருக்கும்போது வெற்றிடக் கலன் கட்டாயமில்லை. அடுத்த அச்சின் சிலிக்கோனையும், பெட்டியோடு, அதே 3 பாரிலோ சற்றே கூடுதலாகவோ வைத்துக் கெட்டிப்படுத்துங்கள். குமிழிகள் சுருங்கிய நிலையிலேயே உறைந்துவிடும். பின்னர் அதே அழுத்தத்தில் வார்க்கும்போது மேலும் நசுங்க அவற்றுக்கு இடமில்லை. பெட்டி கலனுக்குள் அடங்குகிறதா என்பதைக் களிமண் வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் விட்டு, கலந்த சிலிக்கோனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைகளைப் பிரித்துக் கட்டியிருக்கிறேன்.

வெற்றிடக் கலன் உடையவர்களுக்கு: கலந்த சிலிக்கோன் பொங்கி மூன்று நான்கு மடங்கு உயரும், பிறகு திடீரென்று அமுங்கும். அமுங்கியபின் ஓரிரு நிமிடம் போதும். பாத்திரம் சிலிக்கோனைப் போல ஐந்து மடங்கு கொள்ளளவு உள்ளதாக இருக்கட்டும். இரண்டுமே இல்லாதவர்கள், முதலில் சிறிது சிலிக்கோனைத் தூரிகையால் உருவத்தின் மேல் மெல்லியதாகப் பூசி, மீதியைப் பெட்டியின் ஒரு மூலையில், நல்ல உயரத்திலிருந்து நூல் போல இழையவிட்டு ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து நீளும் இழையில் குமிழிகள் உடையும். மூலையில் விழுந்த சிலிக்கோன் தானாகப் பரவி உருவத்தின் மேல் ஏறும்போது காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். நேராக உருவத்தின் தலையில் ஊற்றினால் தாடைக்கு அடியில் காற்று சிக்கும்.

ஓர் எச்சரிக்கை. அழுத்தக் கலன் இல்லாதவர்கள் சமையலறைக் குக்கரைக் கொண்டு வர வேண்டாம். அது ஏறத்தாழ 1 பார் அளவுக்கென வடிவமைக்கப்பட்டது. கலன் எதுவானாலும் அதன் உடலில் பொறித்துள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, பாதுகாப்பு வால்வை அடைக்கவும் கூடாது.

பதிவு 6 | மெதுவார்ப்பு

மூக்கும் காதும். வார்க்கும்போது அடிவட்டம் மேலே, தலை கீழே இருக்கிறது அல்லவா? நிற்கும் குதிரையின் மூக்கு முன்புறம் சரிந்து கீழ்நோக்கும். தலைகீழாக்கினால் அதே மூக்கு மேல்நோக்கும் பொந்தாகிவிடுகிறது. ரெசின் கீழிருந்து ஏறி வரும்போது மூக்குக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. உங்கள் 3 பார் அதைச் சுருக்கியிருக்கிறது, ஆனால் போக்கிவிடவில்லை. ஆகவே குழி சிறியதாக இருக்கிறது. அழுத்தமின்றி வார்த்ததில் அது பெரிதாக வந்திருக்க வேண்டும்.

இதற்குத் தேவையானது மூக்கு நுனியிலிருந்து கழுத்தை ஒட்டி மேலே போகும் ஒரு காற்றுவழி. ஆனால் நீங்கள் மல்லாக்கப் புதைத்ததால் மூக்கு முழுவதும் ஒரே பாதியின் நடுவில், சேர்க்கைக் கோட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து காற்றுவழி எடுக்க இயலாது. குதிரையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். அப்போது கோடு பிடரியின் முதுகு வழியே ஏறி, இரு காதுகளுக்கு நடுவே இறங்கி, நெற்றி, மூக்கு, தாடையின் அடி, மார்பு என்று போகும். பிடரியின் விளிம்பில் கோடு ஒளிந்துகொள்ளும், கன்னங்கள் தூய்மையாக வரும், மூக்கு நுனி கோட்டின் மேலேயே அமரும். 2 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் கம்பியைக் களிமண்ணில் பாதி புதைத்து, ஒரு முனை மூக்கில் முட்டவும் மறுமுனை ஊற்றுவாய் இருக்கும் பெட்டிச் சுவரைத் தொடவும் வைத்தால் காற்றுவழி தானாகப் பதிந்துவிடும். பிறகு கத்தியால் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் வெட்டு நேராக வராது.

கோடு சமதளமாக இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. காதுகளுக்கு நடுவே களிமண் தாழட்டும், பிடரி வளைந்தால் களிமண்ணும் வளையட்டும். உருவம் எங்கே போகிறதோ அங்கே கோடும் போக வேண்டும்.

காது வேறு சிக்கல். அது கீழ்நோக்கிய ஒடுங்கிய நுனி. ரெசின் அதன் வாயைப் பாலம் போல மூடிக்கொண்டு, உள்ளே காற்றை விட்டுவிடுகிறது. அச்சை மூடும் முன் இரு காதுக் குழிகளிலும் குச்சியால் ஒரு துளி ரெசினைத் தொட்டு வையுங்கள். அல்லது டால்க் மாவை மெல்லத் தூவி, அதிகமானதைத் தட்டி உதறிவிடுங்கள். ரெசின் நுனி வரை ஓடும்.

பதிவு 7 | செதுக்குக்கத்தி

இவ்வளவு களிமண் வேலை எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. குதிரையை அடிவட்டத்தின் மேல் நிறுத்தி, சுற்றிலும் ஒரே கட்டியாகச் சிலிக்கோன் ஊற்றி, கெட்டியானபின் பிடரிப் பக்கமாகக் கத்தியால் வளைத்து வளைத்து அறுத்தால் உருவம் வெளியே வந்துவிடும். அறுப்பு பல் பல்லாக இருப்பதால் பூட்டுக்குழியே தேவையில்லை. ஒரே துண்டாக இருந்ததை அறுத்ததால் இரு முகங்களும் துல்லியமாகப் பொருந்தும். படி விழுவதற்கு வாய்ப்பே இல்லை. இரண்டு பாதி முறை வளையாத சாந்து அச்சுகளின் காலத்துப் பழக்கம்; வளையும் பொருள் கையில் இருக்கும்போது அதை ஏன் சுமக்க வேண்டும்?

பதிவு 8 | மெதுவார்ப்பு

பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. கத்தி சிலிக்கோனுக்குள் எங்கே போகிறது என்பது ஒளி ஊடுருவும் சிலிக்கோனில்தான் தெரியும். புதுக்கை பயன்படுத்துவது ஒளி ஊடுருவாத வகையானால் கண்ணைக் கட்டிக்கொண்டு அறுப்பது போலத்தான். கத்தி நழுவினால் மூல உருவத்தின் முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் எல்லா அச்சுகளுக்கும் வாரிசாகப் போகும். மேலும் அறுத்த அச்சில் கோடு எங்கே போகும் என்பதை நீங்கள் முன்கூட்டியே முழுமையாகத் தீர்மானிக்க முடியாது. ஆயினும், பிடரியில் மட்டும் அறுத்து முகத்தைத் தொடாமல் விடும் உங்கள் யோசனை இந்த உருவத்துக்கு நன்றாகப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூக்குக் காற்று மட்டும் அப்போதும் சிக்கும். அதற்கு என்ன செய்வீர்கள்?

பதிவு 9 | செதுக்குக்கத்தி

மூக்கு நுனியில் கம்பியை ஒட்டிவிட்டுத்தான் ஊற்றுவேன். கம்பியை உருவிய துளை அதுவே காற்றுவழி. ஒளி ஊடுருவாத சிலிக்கோனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நானும் ஒருமுறை அப்படி ஒரு காதை அறுத்திருக்கிறேன்.

பதிவு 10 | ஒளியச்சு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மூல உருவம் ஒளியில் இறுகும் ரெசினில் முப்பரிமாண அச்சுப்பொறியால் எடுத்தது. பிளாட்டினம் சிலிக்கோன் வெளிப்புறமெல்லாம் நன்றாகக் கெட்டியாகிவிட்டது, உருவத்தைத் தொடும் இடத்தில் மட்டும் இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. கலவை தவறா?

பதிவு 11 | துளிக்குமிழி

கலவை தவறாக இருந்தால் எல்லா இடத்திலும் பிசுபிசுக்கும், அல்லது கிண்ணத்தின் ஓரத்தைச் சுரண்டாமல் ஊற்றியிருந்தால் திட்டுத்திட்டாகப் பிசுபிசுக்கும். உருவத்தைத் தொட்ட இடத்தில் மட்டும் என்றால், பிளாட்டினம் வினையூக்கி நஞ்சேறியிருக்கிறது. ஒளியில் இறுகும் ரெசினில் முழுமையாக வினைபுரியாமல் எஞ்சியவை இதைச் செய்யும். கந்தகம் கலந்த களிமண், லேட்டக்ஸ் கையுறை, அமீன் வகைப் பொருள்கள், டின் வகைச் சிலிக்கோன் (வெள்ளீய வினையூக்கியால் கெட்டியாவது) பட்ட குச்சி ஆகியவையும் இதையே செய்யும். உருவத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, புறஊதா ஒளியில் முழுமையாக இறுக வைத்து, அக்ரிலிக் தெளிவுப்பூச்சை இரண்டு முறை தெளித்து, நன்றாகக் காயவிடுங்கள். அதன்பின்னும் நேராக ஊற்றாமல், அடிப்பகுதியில் ஒரு துளி கலந்த சிலிக்கோனை வைத்து, கெட்டியாகிறதா என்று பார்த்தபின் ஊற்றுங்கள். ஒரு துளி போனால் போகட்டும்.

டின் வகைச் சிலிக்கோனுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் அது கெட்டியாகும்போது ஆல்கஹாலை வெளிவிட்டுச் சிறிது சுருங்கும், அச்சும் சில ஆண்டுகளில் வலுவிழந்து நொறுங்கத் தொடங்கும். பிளாட்டினம் வகையின் சுருக்கம் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பாகங்களுக்கு அந்த வேறுபாடு பெரிது. ஒரு பொம்மைக்கு அது பொருட்டே இல்லை.

பதிவு 12 | புதுக்கை

இரண்டு பாதி முறையையே இன்னொரு முறை முயல்கிறேன். இரண்டு ஐயங்கள். ஜெல்லியைத் தடவிய தூரிகைக் கோடுகள் சேர்க்கை முகத்தில் அப்படியே பதிந்திருக்கின்றன. குறைத்துத் தடவினால் பாதிகள் ஒட்டிக்கொள்ளாதா? சிலிக்கோனின் அளவை எப்படிக் கணிப்பது? சென்ற முறை பாதியில் தீர்ந்து, மீண்டும் கலந்தேன்.

பதிவு 13 | மெதுவார்ப்பு

சிலிக்கோனில் நிலையாக ஒட்டுவது பெரும்பாலும் சிலிக்கோன்தான், ஆகவே உங்கள் அச்சம் நியாயமானதே. ஓர் இடம் விட்டுப்போனாலும் அங்கே இரு பாதிகளும் ஒன்றாகிவிடும். பிறகு நீங்கள் விரும்பாவிட்டாலும் செதுக்குக்கத்தியின் கட்சிக்கு மாறிவிட வேண்டியதுதான். ஆனால் தடிமன் பாதுகாப்பல்ல, விடுபடாமைதான் பாதுகாப்பு. ஜெல்லியை வெள்ளை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து, மென்மையான தூரிகையால் பூசி, ஸ்பிரிட் முழுவதும் ஆவியானபின் இரண்டாவது பூச்சைக் குறுக்குத் திசையில் கொடுங்கள். பூட்டுக்குழிகளின் அடியிலும் பெட்டியின் ஓரங்களிலும் பூச்சு சென்றிருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உருவத்தின் மேல் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் கோடுகள் குதிரையின் தோலாகிவிடும்.

அளவுக்கு: உருவத்தைச் சுற்றி 1.5 செ.மீ. சுவர் போதும். உங்கள் குதிரைக்குப் பெட்டியின் உட்புறம் 9 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், ஒவ்வொரு பாதிக்கும் 3 செ.மீ. உயரம். பெருக்கினால் 162 கன செ.மீ.; சிலிக்கோனின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.1 கிராம் என்பதால் ஒரு பாதிக்கு 178 கிராம். உருவத்தின் கன அளவைக் கழிக்காதீர்கள். கிண்ணத்தில் ஒட்டி வீணாவதை அது ஈடுசெய்யும்.

மூடும்போது ரப்பர் பட்டையை நேராகச் சிலிக்கோனின் மேல் மாட்டாதீர்கள். பட்டை இறுகும் இடத்தில் அச்சு இடுப்பு போலச் சுருங்கும், விளிம்புகள் வாய் பிளக்கும், சவ்வு வரும். இரு பக்கமும் பலகை வைத்து, அதன் மேல் மிதமாகக் கட்டுங்கள்.

பதிவு 14 | புதுக்கை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பக்கவாட்டில் படுக்க வைத்து, களிமண் படுகைக்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் கொடுத்தேன். கவிழ்த்தபின் உருவத்தைத் தொடவில்லை. தொட வேண்டும் என்ற ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை. இரு பாதிகளையும் 3 பாரில் கெட்டிப்படுத்தினேன்.

முதல் வார்ப்பில் கன்னத்தில் கோடே இல்லை. பிடரியில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் இரண்டு முறை இழுத்தால் போய்விடுகிறது. மூக்கு முழுமையாக இருக்கிறது. காற்றுவழியில் நின்ற ரெசின் குச்சியை வெட்டித் தேய்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். காதுகளில் துளி வைத்து மூடியதால் இரண்டும் வந்துவிட்டன. கழுத்தின் கீழே ஒரு மணி மட்டும் இன்னும் இருக்கிறது. முதல் தூரிகைப் பூச்சில் அந்த இடத்தைத் தவறவிட்டேன் என்று நினைக்கிறேன். அதை ஒவ்வொரு முறையும் சுரண்டிக்கொள்கிறேன்.

பழைய அச்சைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதற்கு ஏதாவது பயன் உண்டா?

பதிவு 15 | செதுக்குக்கத்தி

1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி வையுங்கள். அடுத்த அச்சில் தூரிகைப் பூச்சும் முதல் ஊற்றும் உருவத்தை நன்றாக மூடியபின், பெட்டியின் ஓரங்களில் அவற்றைப் போட்டுப் புதுச் சிலிக்கோனை மிச்சப்படுத்தலாம். பழையதும் புதியதும் பிளாட்டினம் வகையாக இருக்க வேண்டும். ஜெல்லி தடவிய முகங்களைச் சோப்பால் கழுவிக் காயவைத்த பின்னரே போடுங்கள், இல்லாவிட்டால் புதியது அவற்றைப் பிடித்துக்கொள்ளாது. உருவத்துக்கு ஒரு விரல் தொலைவுக்குள் எந்தத் துண்டும் வரக் கூடாது.